டிரில் டீச்சரும் நேரா ஒயிட்டும்

நம் பள்ளிக் கூடைப்பந்து அணியைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னார்கள். கோப்பைக் கணக்கு எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். அதனால் நாங்கள் ஆடிய நாளில் பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் ஆட்டக்காரியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நேரா ஒயிட் 1935இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்த கிராமத்துப் பெண். நாஷ்வில் நகரில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த கல்லூரியில் பெண்களுக்கு அணி கிடையாது. அதே ஊரில் நாஷ்வில் பிசினஸ் காலேஜ் ஓர் அமெச்சூர் அணி வைத்திருந்தது, அதில் ஆடினார். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. அவர் ஆடிய காலத்தில் அந்த அணி 10 தேசியப் பட்டம் வென்றது. நேராவை 1955 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போது அங்கே பெண்கள் அணிக்கு ஆறு பேர். மூவர் இந்தப் பாதியில், மூவர் அந்தப் பாதியில். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காதாம்! காலையில் வயலில் இறங்கினால் வெயில் ஏறும்வரை நிமிராமல் நாற்று நடும் நம் ஊர்ப் பெண்களை அந்த விதி எழுதியவர்கள் பார்த்ததில்லை. 1957 உலகப் போட்டி ரியோவில் நடந்தது. அங்கே சர்வதேச விதி, ஐந்து பேர், முழு மைதானம். அமெரிக்கா சோவியத் அணியை 51-48 என்று வென்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரி நேராதான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் டிரில் டீச்சர் ஞாபகம்தான் வந்தது. ஐப்பசி பிறந்தால் நம் களிமண் மைதானத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். டீச்சர் விடமாட்டார். தாழ்வாரத்தில் எதிரெதிரே நிற்கவைத்துப் பாஸ் போடச் சொல்வார். "ரிங் இல்லேன்னா என்னடி, கை இருக்கில்ல?" என்பார். பந்து வகுப்புக்குள் உருண்டு போய், கணக்கு டீச்சரிடம் எங்களுக்காக அவரே திட்டு வாங்கிய நாளும் உண்டு. அத்தனைக்கும் பிளஸ் டூ முடிந்ததும் எங்கள் ஆட்டம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் பேசிப் பார்ப்பார். சிலர் வீட்டில்தான் பலித்தது.

பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்குக்கு வந்தது 1976இல். நேராவுக்கு அப்போது 40 தாண்டிவிட்டது. கூடைப்பந்தில் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் அவரை 1992இல் சேர்த்தார்கள். ஆட்டம் விட்டபின் சொந்த ஊருக்கே போய் விவசாயம் பார்த்தார். நம் டீச்சரும் ஓய்வுக்குப் பின் நீடாமங்கலம் பக்கம் ஐந்து மா நிலம் பார்க்கிறார்.

மைதானத்துக்குச் சிமென்ட் தளம் போடச் சங்கத்தில் பேச்சு நடக்கிறதாம். சரி, போடுங்கள். முதலில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். எந்தப் பக்கம் சரிவு என்று டீச்சரைக் கேட்டால் சொல்வார்.