அன்ட்ரே துள்ளினால்தான் தூக்கலாம்

எங்கள் வகுப்புக்காரர் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் றெஸ்லிங்கில் வந்து நிற்கும். கலியாண வீடு, பிறந்தநாள், ஸ்காபரோவில் யாரோ ஒருவர் வீட்டு பாபிகியூ, எதுவானாலும் சரி. ஹல்க் ஹோகன் பெரியவரா, பிரெட் ஹார்ட் பெரியவரா என்ற வழக்கு நாங்கள் கனடாவுக்கு வந்த காலத்திலிருந்து நடக்கிறது. நான் பிரெட் ஹார்ட் கட்சி. ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்ல இந்த மலரில் இடம் கிடைத்திருக்கிறது.

எங்கள் அப்பாமாருக்கு கிங்கொங்கும் தாராசிங்கும் இருந்தார்கள். கிங்கொங் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். இயற்பெயர் எமில் சாயா. தாராசிங் பஞ்சாப்காரர். 1987இல் இந்தியத் தொலைக்காட்சியில் ராமாயணத் தொடர் வந்தபோது அனுமார் வேடத்தில் நின்ற தாராசிங்கைக் காட்டி, "இவர்தான்ரா கிங்கொங்கைத் தூக்கி அடிச்சவர்" என்று அப்பா சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது.

எங்கள் காலத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு வீடியோ நாடா. வகுப்புத் தோழன் ஒருவனுடைய மாமா லண்டனிலிருந்து அனுப்பியது. 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பொன்ரியாக் சில்வடோம் அரங்கில் நடந்த மூன்றாவது றெஸ்ல்மேனியா, அதாவது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய றெஸ்லிங் விழா. 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அவன் வீட்டு ஹோலில் பாய் விரித்து, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, டெக்கின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அன்ட்ரே த ஜயன்ற் ஏழடி நாலங்குலம், 520 இறாத்தல் என்றார் அறிவிப்பாளர். பதினைந்து வருடமாகத் தோற்காதவர் என்றும் சொன்னார்கள். அந்த மலையை ஹோகன் தூக்கித் தளத்தில் அறைந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் அடுப்படியில் நின்ற அவனுடைய அம்மா அகப்பையோடு ஓடிவந்துவிட்டார்.

அடுத்த நாளே பாடசாலை மைதானத்தில் நீளம் பாய்தலுக்கு வெட்டியிருந்த மணல் குழி எங்கள் றிங் ஆகிவிட்டது. வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரனுக்கு அன்ட்ரே என்று பெயர் வைத்தோம். ஹோகனாக இருக்க எல்லோருக்கும் விருப்பம். ஒவ்வொருவராகப் போய் ஒரு கையைத் தொடைக்கு நடுவிலும் மற்றக் கையைத் தோளுக்கு மேலாலும் கொடுத்துத் தம் பிடித்துப் பார்த்தோம். அவன் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. கடைசியில் அவனுக்கே எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. "மச்சான், நான் ஒரு துள்ளுத் துள்ளுறன். அந்த நேரம் பார்த்துத் தூக்கு" என்றான். துள்ளினான், மேலே வந்துவிட்டான். விழும்போது நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மணலை ஓங்கி அடித்தபடி முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது அவனுக்கு எப்படி வந்ததோ தெரியாது. சத்தம் பெரிதாகக் கேட்டது, ஆனால் ஒரு கீறல்கூட இல்லை. துள்ள மனமில்லாத அன்ட்ரேயை யாராலும் தூக்க முடியாது என்பது அன்று மணல் குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது.

உடற்பயிற்சி சேர் தூரத்திலிருந்தே கண்டுவிட்டார். "என்னடா நடக்குது அங்க?" என்றார். "நீளம் பாய்தல் பழகிறம் சேர்!" என்றோம். "ஆளைத் தூக்கிக்கொண்டோ பாயிறியள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அடிக்கவில்லை. மண்வெட்டி எடுத்துவரச் சொல்லி, இறுகிக் கிடந்த மணலை முழங்கால் ஆழத்துக்கு எங்களைக் கொண்டே கொத்திப் புரட்டுவித்தார். "விழுகிறதெண்டால் விழுகிற இடத்தை முதல் பாருங்கோ" என்றார். அந்த ஆசிரியர் இன்று இல்லை. எங்களில் ஒருவருக்கும் கை கால் முறியாமல் அந்த வருடம் கழிந்ததற்கு அவர்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உண்மையான அன்ட்ரேயின் கதையைப் பல வருடங்களுக்குப் பிறகு படித்தேன். 1986இல் அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. சில்வடோமில் அவர் போட்டிருந்த கறுப்பு உடுப்புக்கு உள்ளே முதுகுக்குப் பட்டி கட்டியிருந்தார். உடம்பு நில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் நோய் அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது. அந்த முதுகை நம்பி ஹோகனின் கையில் கொடுத்து, தூக்க விட்டு, விழுந்தார். 1993 ஜனவரியில், தகப்பனின் இறுதிச் சடங்குக்காகப் போன பிரான்சில் அன்ட்ரே இறந்தபோது வயது 46. ஹோகன் கட்சி நண்பர்கள் இன்றைக்கும் அந்த ஒரு தூக்கலைத்தான் முதல் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். அது அன்ட்ரேயின் சாட்சி என்பது என் வாதம்.

"எல்லாம் நடிப்புத்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். யார் வெல்வது என்று முதலே முடிவாகிவிடும், உண்மைதான். ஆனால் விழுவது விழுவதுதான். துணி விரித்த பலகையும் அதற்குக் கீழே இரும்புச் சட்டமும் கொண்ட அந்தத் தளம் எவருடைய முதுகையும் சும்மா விடாது. என்னை நீ தூக்கலாம், என் கழுத்தை நீ பார்த்துக்கொள் என்று ஒருவர் மற்றவரிடம் உடம்பை ஒப்படைக்கும் தொழில் இது. அந்த ஒப்படைப்பை யார் எப்படிக் காப்பாற்றினார் என்பதை வைத்துத்தான் நான் ஒரு மல்லரை அளக்கிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் எங்களில் பலருக்கு பேஸ்மன்ற்தான் வீடு. பிரெட் ஹார்ட்டும் அவருடைய சகோதரர்களும் கல்கரியில் தகப்பன் ஸ்ரூ ஹார்ட்டிடம் தொழில் பழகியது வீட்டு பேஸ்மன்றில்தான் என்று அறிந்தபோது அந்த மனிதர்மேல் ஒரு ஒட்டுதல் வந்தது. ரோஸ் நிறமும் கறுப்பும் கலந்த உடுப்பு, நனைந்த தலைமுடி. றிங்குக்கு வரும்போது தன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் போட்டுவிடுவார். 1992 ஒக்ரோபர் 12 அன்று சஸ்கற்றூனில் ரிக் பிளேயரை வென்று முதல் தடவை உலக சாம்பியன் ஆனார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாத ஒரு நிகழ்ச்சியில், ஒரு கனடிய நகரத்தில் நடந்தது அது.

ஆனால் என் கட்சியின் அத்திவாரம் அந்த வெற்றியில் இல்லை. அதற்கு ஆறு வாரம் முன்பு அவர் தோற்ற ஆட்டத்தில் இருக்கிறது. 1992 ஓகஸ்ட் 29, லண்டன் வெம்பிளி. எதிரே நின்றவர் இங்கிலாந்துக்காரரான டேவி போய் ஸ்மித், பிரெட்டின் தங்கை டயானாவைக் கட்டியவர். ஊர்க்காரருக்காகக் கத்தும் எண்பதாயிரம் பேர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் டேவி போய் பேசி வைத்த அத்தனையையும் மறந்துபோனார் என்று பிரெட் பின்னர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை பிரெட்தான் ஒவ்வொரு பிடியிலும் காதுக்குள் சொல்லிச் சொல்லி மச்சானைக் கொண்டுபோனார். எப்போது எழும்ப வேண்டும், எப்போது பாய வேண்டும், எல்லாம் அவர் சொன்னது. கடைசியில் தன் தோள்களைத் தளத்தில் வைத்து மூன்று எண்ண விட்டார். சாம்பியன் பட்டியைத் தூக்கிப் பிடித்தவர் டேவி போய். வீடியோக் கடையில் எடுத்த நாடாவை அன்று பார்த்தபோது எனக்கு இந்தப் பின்கதை தெரியாது. தெரிந்தபின் திரும்பப் பார்த்தால் வேறொரு ஆட்டம் தெரிகிறது. தன் கூட்டாளி எவரையும் மோசமாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் பிரெட் தன் பெருமையாகச் சொல்வார். வென்ற பட்டிகளை அதற்குப் பிறகுதான் எண்ணுவார்.

அப்படிப்பட்டவருக்கு 1997 நவம்பர் 9 அன்று மொன்றியலில் நடந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிரெட் வேறு நிறுவனத்துக்குப் போக இருந்தார். ஷோன் மைக்கல்ஸிடம் கனடா மண்ணில் தோற்க அவர் சம்மதிக்கவில்லை. ஆட்டம் குழப்பத்தில் முடியும் என்று பேச்சு. எதிராளியின் கால்களை மடக்கிப் பிடிக்கும் ஷார்ப்ஷூட்டர் பிரெட்டின் சொந்தப் பிடி. அதையே மைக்கல்ஸ் பிரெட்டுக்குப் போட்ட நேரம், முதலாளி வின்ஸ் மக்மான் றிங் ஓரத்தில் நின்று மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் கையைத் தட்டிச் சரணடையவில்லை. ஆனாலும் பட்டி போய்விட்டது. நாங்கள் காசு சேர்த்து ஒரு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹோகன் கட்சிக்காரர்கூட அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பை நம்பி ஒப்படைத்த மனிதனுக்குச் செய்த துரோகம் அது. தொழில், வியாபாரம், நெருக்கடி என்று மக்மானுக்காக எத்தனை நியாயம் சொன்னாலும் என் காதில் ஏறாது.

அடுத்த இரண்டு வருடமும் ஹார்ட் குடும்பத்துக்கு நல்லதாக இல்லை. 1999 மே 23 அன்று கன்சஸ் சிற்றி அரங்கில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட்டைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும்போது கொளுவி கழன்று அவர் விழுந்து இறந்தார். 34 வயது. நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். நிறுத்தியிருக்க வேண்டும். அதே வருட டிசம்பரில் கோல்ட்பேர்க் என்ற மல்லர் ஆட்டத்தில் உதைத்த ஒரு உதையில் பிரெட்டின் மூளை அதிர்ந்தது. அத்தோடு அவருடைய முழுநேர ஆட்டக் காலமும் முடிந்தது. பிறரைப் பார்த்துப் பார்த்துத் தூக்கியவருக்கு அப்படி ஒரு முடிவு.

நியாயமாக ஹோகன் பக்கத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2002 மார்ச் 17, ரொறன்ரோ ஸ்கைடோமில் றெஸ்ல்மேனியா. கூரைக்குக் கிட்ட இருந்த மலிவு இருக்கைகளில் எங்கள் வகுப்புக்காரர் ஒரு வரிசையையே பிடித்திருந்தோம். ஹோகன் அன்று வில்லன், எதிரே நின்ற த றொக் என்ற மல்லர் நாயகன் என்பதுதான் எழுதி வைத்த கதை. 68,237 பேரும் அதைக் கேட்கவில்லை. ஹோகன் கால் எடுத்து வைத்ததிலிருந்து அவருக்காகவே கத்தினோம். ஆம், நானும் கத்தினேன். இரண்டு பேரும் றிங்கில் நின்றபடியே கூட்டத்தின் போக்குக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றினார்கள். தோற்றவர் ஹோகன், ஆனால் அந்த இரவு அவருடையது. பிற்காலத்தில், 2015இல், கறுப்பினத்தவரைப் பற்றி அவர் பேசிய பேச்சு வெளியே வந்தபோது அந்த இரவின் சந்தோஷத்தில் பாதி எனக்குப் போய்விட்டது. நிறத்தின் பேரால் ஒதுக்கப்படுவது என்னவென்று இந்த நாட்டில் நாங்கள் அறியாதவர்களா? 2025 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்தபோது வகுப்பு வட்சப் குழுவில் அஞ்சலியும் வாக்குவாதமும் சேர்ந்தே ஓடின.

இப்போது எங்கள் வீட்டில் றெஸ்லிங் பார்ப்பது மகள். சனிக்கிழமை காலை ரீவிக்கு முன்னால் காத்திருந்த காலம் போய், 2025 ஜனவரியிலிருந்து திங்கள் இரவு நிகழ்ச்சி நெற்ஃபிளிக்ஸில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் பெண்களை அந்த மேடையில் காட்டிய விதத்தை அவளோடு சேர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். 2019இல் றெஸ்ல்மேனியாவின் கடைசி ஆட்டத்தையே மூன்று பெண்கள் ஆடினார்கள் என்பது அவளுக்குச் சாதாரண செய்தி. அதற்குப் பாதை வெட்டியவர்களில் ஒருவர் எங்கள் ரொறன்ரோவின் ரிஷ் ஸ்ரேற்றஸ். 2006இல் சொந்த ஊரில் விடைபெற்ற ஆட்டத்தில் லீற்றாவை அவர் ஷார்ப்ஷூட்டர் போட்டுத்தான் வென்றார். பிரெட்டின் பிடி பிரெட்டின் நாட்டில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இன்றைய ஆட்டங்கள் வேகம் கூடியவை. கம்பத்திலிருந்து அவர்கள் பாய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒரு கை பிடித்து முறுக்குவதை ஐந்து நிமிடம் பார்க்க இன்று யாருக்கும் பொறுமை இல்லை, அது எனக்கு இழப்புத்தான். ஆனால் 2010இலிருந்து தலையில் கதிரையால் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். அது முன்பே வந்திருக்க வேண்டிய தடை. பிள்ளைகளும் விவரமானவர்கள். யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது, யார் அடுத்து வெல்வார் என்று பங்குச் சந்தைக்காரர் மாதிரிக் கணக்குப் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் 2025 மார்ச் 1 அன்று, பழைய ஸ்கைடோமான றொஜேர்ஸ் சென்ரரில் நெடுங்காலம் நாயகனாக நின்ற ஜோன் சீனா, சாம்பியன் கோடி றோட்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டுத் துரோகியாக மாறித் தாக்கியபோது, பக்கத்தில் இருந்த மகள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, ஏன் இவர் இப்பிடிச் செய்தவர்?" என்று என்னைக் கேட்டாள்.

அவளுக்குப் பிடித்தவர் சாமி ஸேன். சிரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு மொன்றியலுக்குப் பக்கத்து லாவாலில் பிறந்தவர். 2023 பெப்ரவரியில் மொன்றியலில், 1997இல் பிரெட் நின்ற அதே அரங்கில், றோமன் றெய்ன்ஸிடம் தோற்றார். முடிந்தபிறகும் சனம் அவரை விடவில்லை. தோற்ற ஒருவருக்காக அவள் அழுததைக் கண்ட அன்றுதான் வெம்பிளி ஆட்டத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பின்கதை எதையும் சொல்லவில்லை. பாதி ஆட்டத்தில் நிறுத்தச் சொன்னாள். "அப்பா, ரோஸ் உடுப்புப் போட்டவர் பிடிக்கிற நேரமெல்லாம் மற்றவருக்கு ஏதோ சொல்லுற மாதிரி இருக்கு." கொஞ்சம் பின்னால் ஓட்டி இரண்டு பேரும் திரும்பப் பார்த்தோம். அப்புறம் முழுக் கதையையும் சொன்னேன். அடுத்து 1997 மொன்றியல் ஆட்டத்தைக் காட்டச் சொல்கிறாள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டாம், வாற சனிக்கிழமை நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.