கோச்சி நேரத்துக்கு எரியும் அடுப்பு

கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலுக்கு, இலங்கையின் கிழக்குக் கரையோரப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என நீளும் ஊர்களுக்குத் தண்டவாளம் இல்லாததால், கொழும்புக்கு ரயிலில் போக விரும்பும் அம்பாறை மாவட்டத்தார் பஸ் ஏறி எங்கள் நிலையத்துக்கே வர வேண்டும். நிலையத்துக்கு அருகே எங்கள் குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடையும், அதன் பின்னால் உள்ள தங்கும் அறைகளும் நிலைத்திருப்பது பெரும்பாலும் அந்தத் தெற்கூர்க்காரரால்தான்.

கடையைத் தொடங்கியவர் அம்மம்மா. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது மட்டக்களப்பு வழக்கமாதலால், வீட்டோடு சேர்ந்த கடை அம்மாவுக்கும், பின்னர் அக்காவுக்கும் வந்தது. பணப்பெட்டியின் திறப்பு இன்றுவரை எங்கள் வீட்டு ஆண்களின் கைக்கு வந்ததில்லை. தொழில் சிதறாமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு ரயிலுக்குக் கட்டும் பார்சலில் அம்மம்மா மிகுந்த கவனம் வைத்திருந்தார். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் இரவுப் புழுக்கத்தில் புளித்துவிடும் என்பதால், அவை கடையில் இருந்து உண்பவர்களுக்கு மட்டுமே பரிமாறப்படும். வழிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஆறவைத்த பிட்டு, நன்றாக வற்றவைத்த வாவி இறால், கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய் சேராத வெங்காயச் சம்பல் ஆகியவற்றை, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டிக் கொடுப்பார். சூடாகக் கட்டினால் இலைக்குள் நீர் வேர்த்துச் சாப்பாடு கெட்டுவிடும் என்று, அவசரப்படுகிறவர்களையும் காத்திருக்கச் சொல்வார்.

கொழும்பிலிருந்து வரும் ரயில், கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையைப் பிரிந்து, யானைகள் கடக்கும் காட்டு வழியாக வருகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்ததும் இந்தப் பாதையில்தான். யானையாலோ வெள்ளத்தாலோ ரயில் பிந்தினால், தெற்கே போகும் கடைசி பஸ் போய்விடும். எங்கள் அறைகள் நிரம்புவது அந்த இரவுகளில்தான். ஆகவே, கடைசி ரயில் வந்து சேரும்வரை அடுப்பை அணைப்பதில்லை.

போரால் மட்டக்களப்புக்கு ரயில் வராதிருந்த ஆண்டுகளில், அறைகளை வெளியூர் ஆசிரியர்களுக்கு மாத வாடகைக்கு விட்டு அம்மா சமாளித்தார். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் பாதை திருத்தப்பட்டு ரயில் மீண்டதும், அவற்றைப் பயணிகளுக்கே திருப்பினார்.

இப்போது சொகுசு பஸ்கள் அக்கரைப்பற்றிலிருந்தே கொழும்புக்கு ஓடுவதால் கூட்டம் குறைந்திருக்கிறது. ஆயினும், படுத்தோ காலை நீட்டியோ போக வேண்டிய நோயாளிகள் ரயிலையே நாடுகிறார்கள். மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களிடம் அறைக்கூலி வாங்குவதில்லை என்பது அம்மா வைத்த முறை. அக்கா அதை மாற்றவில்லை. அவர்களுக்கென்று உறைப்பில்லாத கஞ்சியும் இப்போது வைக்கிறார்.