லிஸ்பனிலிருந்து கடலுக்கு ஒரு நாள்: வழிகாட்டி நாட்குறிப்பு

ஏப்ரல் 27

சீசன் தொடங்கியாச்சு. லிஸ்பனில் விற்கும் ஒரு நாள் கடற்கரைச் சுற்றுலாவை யாரிடம் வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே வட்டம்தான்: காலையில் சின்ட்ரா மலை, அங்கிருந்து காபோ ட ரோக்கா முனை, கின்ஷு கடற்கரை, கஷ்காய்ஷ் ஊர், சாயங்காலம் லிஸ்பன். மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எட்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள்.

அந்த எட்டு மணி எங்கே போகிறது? சின்ட்ராவுக்கு 40 நிமிடம். சின்ட்ராவிலிருந்து முனைக்கு 18 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுப் பாதை, இன்னொரு 40. முனையிலிருந்து கின்ஷுவுக்குக் கால் மணி, அங்கிருந்து கஷ்காய்ஷுக்குக் கால் மணி, திரும்பி வர 45. வண்டிக்குள்ளேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. எல்லா நிறுத்தங்களிலும் சேர்த்து இறக்கி, ஏற்றி, தலை எண்ண அரை மணிக்குக் குறையாது. சின்ட்ரா மலையின் பெனா அரண்மனைக்கு இரண்டு மணி, சாப்பாட்டுக்கு ஒன்றேகால், முனையில் அரை மணி. கடைசியில் கடலுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். பெயர் மட்டும் கடற்கரைச் சுற்றுலா.

அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி. கஷ்காய்ஷில் எத்தனை நிமிடம்? அரண்மனைக்கு உள்ளேயா, தோட்டமும் மாடியும் மட்டுமா? நுழைவுச் சீட்டு விலையில் சேர்ந்ததா? முதல் கேள்விக்கு "தாராளமாக நேரம் கிடைக்கும்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நிமிடத்தில் பதில் சொல்கிறவர் அந்த வழியில் ஓட்டியவர்.

மே 9

லிஸ்பனில் பளீரென்று வெயில், சின்ட்ராவில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. இது இங்கே சகஜம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முட்டும் முதல் மேடு இந்த மலைதான். உச்சி 500 மீட்டரைத் தாண்டும். மேலே ஏறும் காற்று குளிர்ந்து பனிமூட்டமாகிவிடுகிறது. பத்து, பதினொன்றுக்கு மேல் விலகலாம், நாள் முழுக்க விலகாமலும் இருக்கலாம். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

பெரிய பஸ்கள் அரண்மனைப் பாதையில் ஏறுவதில்லை, கீழேயே நின்றுவிடும். 50 பேர் குழுவில் சேர்ந்தால் மேலே போக இன்னொரு வண்டிக்கு வரிசை. ஓட்டுநரோடு சேர்த்து 9 இருக்கை உள்ள வேன் கூடுதல் விலைதான்; ஆனால் அதில் மிச்சமாகும் அரை மணி நேரம் அப்படியே கடலுக்குப் போகும்.

பெனா அரண்மனையில் பலர் ஏமாறும் இடம் இதுதான்: டிக்கெட்டில் உள்ள நேரம் அரண்மனைக் கதவுக்கான நேரம், பூங்கா வாசலுக்கானது அல்ல. வாசலிலிருந்து கதவு வரை ஏற்றம், நடந்தால் அரை மணி ஆகலாம். 10.30 சீட்டுக்கு 10.25க்கு வாசலில் நின்றால் அந்தச் சீட்டு போனது போனதுதான், தாமதத்துக்குச் சலுகை கிடையாது. 9.50க்கு வாசலில் இருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் உள்ளே ஓடும் சிறு பஸ்ஸுக்குத் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மே 22

முனைக்குப் போகும் பாதையில் இன்று வாந்தி இரண்டு. இரண்டும் பின் இருக்கை, இரண்டும் போனைப் பார்த்துக்கொண்டே வந்தவை. இந்தச் சாலை இடமும் வலமும் மாறி மாறி ஒடியும். கண் திரையில் நிற்க, காது சமநிலை ஆடுகிறது. முன் இருக்கை, பார்வை தூரத்தில், ஜன்னல் இரண்டு விரல் திறப்பு, வாயில் இஞ்சி மரப்பா. மாத்திரை போடுகிறவர்கள் சின்ட்ராவில் வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே போடவேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

காபோ ட ரோக்கா ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடி. சிலுவை நிற்கும் கல்தூணில் பொறித்திருக்கிறார்கள்: வடக்கு 38°47', மேற்கு 9°30', உயரம் 140 மீட்டர். எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள், வரிசை நிற்கும். முதலில் தூணுக்குப் போகாமல் இடப்பக்கப் பாதையில் கொஞ்சம் நடந்தால் முனையும் 1772 முதல் எரியும் கலங்கரை விளக்கமும் சேர்ந்து ஒரே சட்டத்தில் விழும். கூட்டம் கலைந்த பின் தூணுக்கு வரலாம்.

காற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் காணாது. தொப்பி பறக்கும், துப்பட்டா முகத்தைச் சுற்றும், புடவை என்றால் இரண்டு ஊக்கு அதிகம் வேண்டும். வேலியைத் தாண்டாதீர்கள். பச்சைச் சதைப்பற்று இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையில் மெத்தை போலப் படர்ந்திருக்கிறதே, அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. பாறை எங்கே முடிகிறது என்பதை அது மூடி மறைத்துவிடும், மிதித்தால் வழுக்கும். 2014 ஆகஸ்டில் படம் எடுக்க வேலி தாண்டிய ஒரு தம்பதி இங்கே விழுந்து இறந்தார்கள், பிள்ளைகள் உடன் இருந்தார்கள். நான்கு வரிக் கம்பி வேலிதானே என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லாமல் வண்டியிலிருந்து இறக்குவதில்லை.

ஜூன் 15

மத்தி மீன் காலம். லிஸ்பனில் புனித அந்தோனியார் திருநாள் 13ஆம் தேதி முடிந்தது, தெருவெல்லாம் இன்னும் சுட்ட மத்தி வாசம். கஷ்காய்ஷிலும் இந்த மாதம் முதல் ஆகஸ்ட் முடிய மத்திதான் சாப்பிட வேண்டும். பக்கல்யாவ் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருப்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். இந்தக் கடலில் பிடித்ததே இல்லை, வடக்கே நார்வே பக்கத்துச் சரக்கு. ருசியில் குறையில்லை, ஆனால் அதைச் சாப்பிடக் கடற்கரை வரை வர வேண்டியதில்லை.

ஓட்டல் பில்லில் சண்டை வரும் இடம் இரண்டு. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் வந்து இறங்கும். இலவசம் இல்லை. தொடாமல் விட்டால் காசு இல்லை, ஒரு ஆலிவ் கடித்தாலும் தட்டுக்கு உண்டு. அடுத்தது, முழு மீனின் விலை பலகையில் கிலோவுக்குப் போட்டிருக்கும். எடை போட்டு மொத்த விலை சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால்து வெர்த் என்னும் பச்சைக் கீரை சூப்பில் ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், சாறு இறங்கியிருக்கும். நத்தா டார்ட்டிலும் சின்ட்ராவின் பாதாம் தலையணைப் பலகாரத்திலும் முட்டை உண்டு.

ஜூலை 6

வெயில் கொளுத்துகிறது, கடலில் கால் வைத்தவர்கள் கத்திக்கொண்டு திரும்பி ஓடுகிறார்கள். தண்ணீர் 17, 18 டிகிரி. நடுக்கோடையில் ஏன் இப்படி என்று தினமும் கேட்கிறார்கள். இங்கே கோடை முழுக்க வடக்கிலிருந்து நொர்த்தாதா என்ற காற்று வீசும். பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து மேற்கே தள்ளிவிடும். காலியான இடத்துக்கு அடியாழத்துக் குளிர்நீர் ஏறிவரும். வெயில் அதிகமென்றால் காற்று அதிகம், காற்று அதிகமென்றால் நீர் குளிர்ச்சி. அந்த அடிநீரில் வரும் சத்துதான் மத்திக்கு உணவு. குளிருக்கும் தட்டிலுள்ள மீனுக்கும் ஒரே காரணம்.

நொர்த்தாதா மதியத்துக்கு மேல் வலுக்கும். கின்ஷு மேற்கே பார்த்த திறந்த கடற்கரை. மூன்று மணிக்கு அங்கே மணல் துகள் கணுக்காலில் ஊசி போலக் குத்தும். பட்டம் கட்டி அலைச்சறுக்கு விடுபவர்களுக்கு அது சொர்க்கம், குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இல்லை. கஷ்காய்ஷ் விரிகுடா தெற்கு பார்த்தது, மலை கொஞ்சம் மறைக்கும். குளிக்க நினைப்பவர்கள் கின்ஷுவில் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கஷ்காய்ஷுக்குக் கொடுப்பதுதான் சரி.

ஜூலை 19

கஷ்காய்ஷின் ராணிக் கடற்கரை, பாறைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவு மணல். வேன் வந்து சேர்ந்தபோது அந்தக் கைக்குட்டையிலும் பாதி இல்லை. ஏற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின இரவே பார்த்து வைத்தால், ஏற்றமென்றால் கொஞ்சம் நடந்து கொன்செய்சாவ் கடற்கரைக்குப் போகலாம், அங்கே மணல் அகலம்.

கொடி: பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் கால் ஊன்றிய அளவில் குளிக்கலாம், சிவப்பு என்றால் காலே வைக்கக் கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி ஏறியிருந்தால் உயிர்காப்பாளர் தற்காலிகமாக இல்லை என்று அர்த்தம். அவசரத்துக்கு 112.

துவாலை கொண்டு வாருங்கள். மறந்துவிட்டால் கடையில் "துவாலை" என்றே கேட்டுப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள். அவர்கள் சொல் துவால்யா. நம்முடையது அங்கிருந்து வந்ததுதான். சாவி, ஜன்னல், அலமாரியும் அப்படியே. தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகம் 1554இல் வெளிவந்ததும் இந்த லிஸ்பனில்தான்.

ஆகஸ்ட் 3

காட்டுத்தீ எச்சரிக்கை உச்சம், சின்ட்ரா மலை மூடல். முந்தின நாள் அறிவிப்பு வரும், டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். வேன் பணம் கிடைக்குமா என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. இந்த ஒரு வரியை முன்பதிவின்போதே படித்துவிடுங்கள். மாற்று: ஊர் நடுவிலுள்ள தேசிய அரண்மனை. 33 மீட்டர் உயரத்தில் இரண்டு வெள்ளைக் கூம்புகள் தெரியும், அடுப்படிப் புகைபோக்கிகள். உள்ளே ஒரு மணி நேரம் போதும், ஏற்றமும் இல்லை. உண்மையைச் சொன்னால், மலை மூடிய நாட்களில்தான் கடலுக்கு நியாயமான நேரம் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 17

ஞாயிறு மாலை. கரையோரச் சாலை நத்தை வேகம். ஆறு மணிக்கு மேல் திரும்புவதானால் நெடுஞ்சாலை. அதுவும் அடைத்தால், விமானம் பிடிக்க வேண்டியவர்களைக் கஷ்காய்ஷ் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடுவதே நல்லது. 40 நிமிடம், எந்த நெரிசலும் தொடாது.

செப்டம்பர் 21

"வழிகாட்டி இல்லாமல் போக முடியாதா?" முடியும். லிஸ்பனின் ரொசியு ஸ்டேஷனிலிருந்து சின்ட்ராவுக்கு ரயில் 40 நிமிடம். சின்ட்ராவிலிருந்து முனை வழியாகக் கஷ்காய்ஷுக்குப் பஸ். அங்கிருந்து லிஸ்பனின் கைஷ் டு சுத்ரே ஸ்டேஷனுக்கு ரயில். திரும்பும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். பயண அட்டை 50 சென்ட், ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. சிக்கல் நடுவிலுள்ள பஸ்தான். முனையில் ஒன்றைத் தவறவிட்டால் காற்றில் நின்று அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இளையவர்கள், பை குறைவு என்றால் ரயில். வயதானவர்கள், குழந்தைகள், முனை கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் வேன். கடல் மட்டும் போதுமென்றால் எதற்கும் காசு கொடுக்காதீர்கள், நேராகக் கஷ்காய்ஷ் ரயில் ஏறுங்கள்.

நவம்பர் 8

சூரியன் ஐந்தரைக்கு முன்பே இறங்கிவிடுகிறது; ஜூன் கடைசியில் ஒன்பது தாண்டி வெளிச்சம் இருந்த இடம். கோடை வரிசையிலேயே இப்போதும் போனால் கஷ்காய்ஷை இருட்டில்தான் பார்க்கலாம். குளிர்காலத்தில் வட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். காலையில் கஷ்காய்ஷ், மதியம் சின்ட்ரா ஊர் (மேலே ஏறாமல்), நாலரைக்கு முனை.

கஷ்காய்ஷில் இறங்கியதும் போக்கா டு இன்ஃபெர்னு, நரகத்தின் வாய் என்று பொருள். கோடையில் குட்டைத் தண்ணீர் மாதிரி இருக்கும் இந்தப் பாறைக்குடைவு இப்போதுதான் பெயருக்கு ஏற்ற மாதிரி உறுமுகிறது. 1930இல் ஆங்கில மாந்திரீகர் அலிஸ்டர் குரோலி இங்கே குதித்துச் செத்ததாக நாடகமாடினார், கூட்டாளி கவிஞர் ஃபெர்னாந்து பெசோவா. கீழ்ப்படி ஈரமாக இருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். கடைசி பெரிய அலை அது வரைக்கும் வந்திருக்கிறது.

முனையில், மேற்குக் கோடிக்கு வந்ததற்கான சான்றிதழ் வேண்டுவோர் இறங்கியதும் முதலில் அதை வாங்கிவிடவும், பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுக்கவும். சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம் வண்டியில் தலை எண்ண வேண்டும். வாகன நிறுத்தத்தில் வெளிச்சம் குறைவு, வெள்ளை வேன்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இறங்கும்போதே நம்பர் தட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது.