தீசிஸிலிருந்து ஜர்னலுக்கு: எத்திக்ஸ் தாள்கள் எங்கே இடறுகின்றன

மருத்துவ டிரையல் (சிகிச்சைச் சோதனை) பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பினால் ஜர்னல் அலுவலகம் முதலில் தேடுவது மூன்று தேதிகளை. எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் குழு) அனுமதி கொடுத்த நாள், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு ஏறிய நாள், முதல் நோயாளியைச் சேர்த்த நாள். இதே வரிசையில் இருந்தால் கட்டுரை ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடும் வல்லுநர்) கைக்குப் போகும். மாறியிருந்தால், புள்ளியியல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வாசலோடு திரும்பும். பி.ஜி. (முதுநிலை) மாணவர்களின் தீசிஸ்களை (பட்டத்துக்கான ஆய்வேடுகளை)க் கட்டுரையாக்கும் வேலையிலும் ரிவ்யூவர்களாகப் பிறர் கட்டுரைகளைப் பார்க்கும் வேலையிலும் எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: கடைசி மாதத்தில் பொய் சொல்லாமல் சரிசெய்ய முடியாத குறைகள் எல்லாம் முதல் மாதத்தில் உண்டானவை. ஆகவே தொடக்கத்திலிருந்தே வருகிறோம்.

எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்குமுன், அந்தக் கமிட்டி எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மருந்துக் கம்பெனி டிரையல்களைப் பார்க்கும் கமிட்டி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். மற்ற மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிக்கு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் பதிவு வேண்டும். சில கல்லூரிகளில் ஒரே கமிட்டி இரண்டிலும் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு எண் அனுமதிக் கடிதத்தின் தலைப்பிலேயே இருப்பது நல்லது. பிறகு தேடி அலைய வேண்டியிருக்காது.

கடிதம் கைக்கு வந்ததும் உடனே ஃபைலில் போட்டுவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் வெளி நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக 5 பேராவது வந்திருக்க வேண்டும், அதில் மருத்துவம் சாராதவர்களும் இருக்க வேண்டும். உங்கள் கைடே (வழிகாட்டும் பேராசிரியரே) கமிட்டி உறுப்பினர் என்றால், உங்கள் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) பேசப்பட்டபோது அவர் வெளியே போனார் என்பது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதிவாகியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சில ஜர்னல்கள் வந்தவர் பட்டியலைக் கேட்கும். அப்புறம், அனுமதி எத்தனை காலத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வருடம் என்றுதான் எழுதியிருப்பார்கள். தீசிஸ் வேலையோ அதைத் தாண்டி ஓடும். நடுவில் ஆண்டறிக்கை கொடுத்து நீட்டிப்பு வாங்காவிட்டால், இரண்டாம் வருடத்தில் சேர்த்த நோயாளிகள் அனுமதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. நடந்து முடிந்த ஆய்வுக்குப் பழைய தேதி போட்டு அனுமதி தரும் வழக்கம் முறையான எந்தக் கமிட்டியிலும் கிடையாது. அப்படித் தருகிறோம் என்று சொல்லும் கமிட்டியிடமிருந்து ஒதுங்கியிருங்கள்.

தலைப்பு மாறினாலும், சாம்பிள் அளவு மாறினாலும், கோ-கைடு மாறினாலும் கமிட்டிக்கு அமெண்ட்மென்ட் (திருத்த விண்ணப்பம்) கொடுக்க வேண்டும். கடிதத்தில் ஒரு தலைப்பு, சி.டி.ஆர்.ஐ.யில் வேறு தலைப்பு, கட்டுரையில் மூன்றாவது தலைப்பு என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆய்வுதான் என்று எடிட்டருக்கு நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

அடுத்தது, ஆய்வில் சேரச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம். படிவத்தில் இருக்கும் சொற்களைவிட அதை நிரப்பும் விதத்தில்தான் தப்பு அதிகம். கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியை நோயாளியே எழுத வேண்டும். வார்டில் நடப்பது வேறு. கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மாலையில் டியூட்டி அறையில் உட்கார்ந்து எல்லாப் படிவங்களிலும் தேதியை ஒரே நீலப் பேனாவால் பி.ஜி.யே எழுதுவார். படிவங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் அது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கூட இருந்து, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆய்வுக்கே ரத்தம் எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸை சாட்சியாக்குவது செல்லாது. பக்கத்துப் படுக்கை நோயாளியின் மகனோ மகளோ போதும். குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு நிற்காது. 7 வயதிலிருந்து 11 வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும், 12-லிருந்து 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

இனி சி.டி.ஆர்.ஐ. எங்கள் டிபார்ட்மெண்டில் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லையே, பதிவு எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வாளரே நோயாளிகளை இந்தச் சிகிச்சை, அந்தச் சிகிச்சை என்று பிரித்து விளைவைப் பார்த்தால் அது டிரையல்தான். யோகாவாக இருக்கட்டும், பிசியோதெரபியாக இருக்கட்டும், வருடக்கணக்காகப் பழக்கத்தில் உள்ள இரண்டு மயக்க மருந்துகளாக இருக்கட்டும், கணக்கு ஒன்றே. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 ஜூலையிலிருந்து, முதல் நோயாளி சேருமுன் பதிவு இருந்தால்தான் கட்டுரையை எடுப்போம் என்கிறது. சி.டி.ஆர்.ஐ.யும் 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

படிவத்தை அனுப்பியதும் 'ரெஃப்' என்று தொடங்கும் ஓர் எண் வரும். பதிவாகிவிட்டது என்று பலர் அன்றே ஆட்களைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். அது வெறும் விண்ணப்ப எண். சி.டி.ஆர்.ஐ.காரர்கள் கேள்வி கேட்டு, நீங்கள் பதில் சொல்லி, அதற்கும் பிறகு 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் எண் வந்தால்தான் பதிவு. கேள்வி பெரும்பாலும் முதன்மை விளைவை (ஆய்வு முக்கியமாக அளக்கப்போகும் முடிவை)ப் பற்றித்தான் வரும். "வலி குறைதல்" என்று எழுதினால் திரும்பி வரும். எந்த அளவுகோலில், அறுவைக்குப் பின் எத்தனையாவது மணி நேரத்தில் என்று எழுத வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பின்னால் வலி வேறு விதமாக வரும். 24-ஆம் மணி நேரத்தில் வித்தியாசம் கிடைக்கவில்லை, 6-ஆம் மணி நேரத்தில் கிடைத்தது என்று கட்டுரையில் 6-ஐ முதன்மை விளைவாக்கினால், ரிவ்யூவர் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பதிவில் நீங்கள் நடுவில் செய்த மாற்றங்களின் வரலாறும் அங்கேயே இருக்கும். பதிவில் சொன்னதையே முதன்மையாக வைத்து, வித்தியாசம் இல்லை என்று நேராக எழுதி, 6-ஆம் மணி நேர முடிவைத் துணைத் தகவலாகத் தாருங்கள். வித்தியாசம் இல்லாத முடிவும் முடிவுதான், ஒழுங்கான ஜர்னல்கள் எடுத்துக்கொள்ளும்.

யார் பெயர் போடுவது என்பதில்தான் நட்பு கெடும். மேற்சொன்ன ஆசிரியர் குழு வைத்திருக்கும் நிபந்தனைகள் நான்கு. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு சேகரிப்பிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ, உள்ளடக்கத்தை ஊன்றித் திருத்தியோ இருக்க வேண்டும். கடைசிப் பிரதியை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்துதான் கணக்கு, மூன்று இருந்தால் போதாது. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) என்பதற்காகப் பெயர் போடுவதற்கு இதில் இடமே இல்லை. நோயாளிகளை அனுப்பி வைத்தவர், லேப் வசதி தந்தவர் ஆகியோருக்கு நன்றிப் பகுதி இருக்கிறது. அங்கே பெயர் போடவும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். முதல் மூன்று பெயர்கள் அல்லது கரஸ்பாண்டிங் ஆதர் (ஜர்னலோடு தொடர்பு வைக்கும் ஆசிரியர்) என்றால்தான் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்வோம் என்று 2020-இல் அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது, இந்தச் சண்டைக்கு நன்றாகவே எண்ணெய் ஊற்றியது. எங்கள் யோசனை: புரோட்டோகால் எழுதும்போதே பெயர் வரிசையை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சப்மிஷனுக்குப் பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால், விலக்கப்படுபவர் உட்பட அத்தனை பேரின் கையெழுத்தோடு கடிதம் கேட்பார்கள்.

கேஸ் ரிப்போர்ட் (ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை) சின்ன வேலைதானே என்று இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு வாங்கிய ஒப்புதல் வேறு, அச்சில் போட வாங்கும் ஒப்புதல் வேறு. நோயாளி டிஸ்சார்ஜ் ஆகுமுன் இரண்டாவதையும் வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போனபின் போன் எண் மாறிவிடும். கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பதை ஜர்னல்கள் ஏற்பதில்லை. முகத்தைவிட அதிகம் காட்டிக்கொடுப்பவை பச்சை குத்தியது, தாலி, பின்னால் தெரியும் வார்டு போர்டு, எக்ஸ்ரே மூலையில் இருக்கும் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்). பவர்பாயின்டில் அந்த மூலை மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்து ஃபைலை அப்படியே அனுப்புகிறார்கள். திறப்பவர் கட்டத்தை நகர்த்தினால் அடியில் பெயர் அப்படியே இருக்கிறது! படத்தை வெட்டி, ஜேபெக்காகச் சேமித்து, அதைத்தான் அனுப்ப வேண்டும். மொபைலில் எடுத்த படமென்றால் எடுத்த இடமும் நேரமும் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

ஏற்கெனவே வந்த எழுத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் தீசிஸ்காரர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தீசிஸ் ஏறியிருந்தால், உங்கள் கட்டுரை உங்கள் தீசிஸோடே பொருந்தும், சதவீதம் எகிறும். தீசிஸை ஏற்கெனவே வெளியான கட்டுரையாகப் பெரும்பாலான ஜர்னல்கள் கருதுவதில்லை. கவர் லெட்டரிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் சந்தேகம். ஒரே தீசிஸை மூன்றாகக் கூறுபோட்டு மூன்று கட்டுரை ஆக்குவது இதிலிருந்து வேறு விஷயம், அது கண்டிப்பாக மாட்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னல்களுக்கு அனுப்புவதும் அப்படியே. இரண்டுக்கும் ரிவ்யூ செய்ய ஒரே ஆளைக் கூப்பிடும் அளவுக்கு இந்த உலகம் சிறியது.

ஏழு நாளில் பிரசுரம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடலாம். ரிவ்யூவே நடக்காமல் பணம் கேட்டால் அது கடை, ஜர்னல் இல்லை. தளத்தில் போட்டிருக்கும் இன்டெக்ஸ் லோகோக்களை நம்பாமல், பப்மெட், ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. ஆகிய ஜர்னல் பட்டியல்களின் சொந்தப் பக்கத்திலேயே ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிரபல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு, அப்போது எண் பொருந்தும், முகவரி பொருந்தாது.

சாட்ஜிபிடி போன்றவற்றை மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று எழுதுங்கள். அதை ஆதராகப் போட முடியாது, பொறுப்பேற்க அதனால் இயலாது. அது தரும் மேற்கோள் பட்டியலை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ.யையும் (கட்டுரையின் நிரந்தர இணைய எண்ணையும்) திறந்து, கட்டுரை உண்மையில் இருக்கிறதா, நீங்கள் சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறதா என்று பாருங்கள்.

மூலத் தரவைக் கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். 2020 மே மாதம் லான்செட் ஜர்னலில் வந்த, கோவிடுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து தந்தது பற்றிய கட்டுரை 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று பேசியது. தரவை வைத்திருப்பதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைச் சுயாதீனத் தணிக்கைக்குக் கொடுக்கவில்லை. இரண்டே வாரத்தில் கட்டுரையை எழுதிய நால்வரில் மூவர் அதை வாபஸ் வாங்கினார்கள். உங்களுடையது 60 பேர் கொண்ட ஆய்வாக இருந்தாலும் அதே கேள்வி வரலாம். பெயர், ஐ.பி. எண் நீக்கிய எக்ஸெல் ஷீட் ஒன்றையும், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கம் எழுதிய தாள் ஒன்றையும் சப்மிஷனுக்கு முன்பே தயாராக வையுங்கள். நாங்கள் கட்டுரைகளில் பார்த்த கூட்டல் பிழைகளில் பாதி இந்தத் தாளை எழுதும்போதே பிடிபட்டிருக்க வேண்டியவை. அச்சான பிறகு பிழை தெரிந்தால் எடிட்டருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். முடிவை மாற்றாத பிழைக்குத் திருத்தக் குறிப்புப் போதும். முடிவே மாறினால் வாபஸ்தான், ஆனால் நேர்மையான பிழையென்றால் அறிவிப்பிலும் அப்படியே எழுதுவார்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் சி.டி.ஆர்.ஐ. பக்கத்துக்குப் போய் ஆய்வு நிலையை "முடிந்தது" என்று மாற்றி, வெளியீட்டு விவரத்தையும் சேருங்கள். பி.ஜி. முடித்துப் போகும்போது ஒப்புதல் படிவங்கள் ஹாஸ்டல் அறை டிரங்குப் பெட்டியில் போகக்கூடாது. எண்ணிக் கட்டி, பட்டியலில் கைடிடம் கையெழுத்து வாங்கி, டிபார்ட்மெண்ட் அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.