மெலிந்துபோனேனாம்!

காய்ச்சலில் கிடந்து எழும்பி, இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவில் எங்கள் தெருப் பழக்கடைக்குப் போனால், கடைக்கார அம்மா தக்காளி நிறுப்பதை விட்டுவிட்டு "ஸேய் திமக்ரீத்தா!" என்று கத்தினார். இத்தாலியனில் மெலிந்துவிட்டாய் என்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். வெட்கம் ஒரு பக்கம், கண் கலங்கியது ஒரு பக்கம். படலையடியிலேயே மறித்து "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்" என்று கேட்கிற பெரியம்மாவின் குரல்தானே அது!

இத்தாலியக் குடியுரிமைக்கு பி1, அதாவது இடைநிலை அளவில் இத்தாலியன் தெரியும் என்ற சான்றிதழ் வேண்டும் என்று 2018 டிசம்பரில் சட்டம் வந்தது. அதனால் இங்கே வேலை முடிந்து வந்த களைப்போடு கொப்பியும் கையுமாக மாலை வகுப்பில் இருக்கிறோம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத்தான் கூடுதல் சிக்கல். எதற்கெடுத்தாலும் 'பிகம்' போட்டுப் பழகியதால் இங்கேயும் எல்லாவற்றுக்கும் அதே பொருளுள்ள 'திவெந்தாரே' போடுவார்கள். டாக்டராக வர அது சரி. ஆனால் குண்டாவதற்கு இங்க்ரஸ்ஸாரே, கிழடாவதற்கு இன்வெக்கியாரே, முகம் சிவப்பதற்கு அர்ரொஸ்ஸீரே என்று தனித்தனி வினை இருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? பழுத்தது, நரைத்தது, புளித்தது, கறுத்தது என்று ஒரே சொல்லில் முடிக்கிற ஆட்கள்தானே நாங்கள்.

என்னைப் படுத்துகிறது கம்பியாரே; மாறுவதற்கும் அதுதான், மாற்றுவதற்கும் அதுதான். மாறினேன், மாற்றினேன்: தமிழில் றகரம் இரட்டித்தால் வேலை முடிந்தது. இத்தாலியனில் வினை அசையாது, துணைவினைதான் மாறும். வீடு மாற்றினால் அவேரே என்ற துணைவினை போட்டு 'ஓ கம்பியாத்தோ காஸா'; ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் 'தோ' தான். நானே மாறிப்போனால் எஸ்ஸெரே என்ற மற்றத் துணைவினை போட்டு 'ஸோனோ கம்பியாத்தா'. அங்கே மட்டும் நான் பெண் என்பது கடைசி எழுத்தில் தெரிந்தாக வேண்டும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

சரி, இப்போது பழகிவிட்டது. நேரம் போனால் "ஸி எ ஃபாத்தோ தார்தி" என்று தானாகவே வாயில் வருகிறது. கொதிக்கிற ஷிரோக்கோ காற்றடித்தால் இங்கத்தைய ஆட்கள் மாதிரியே நானும் எரிந்து விழுகிறேன். ஆனால் போன கிழமை 'மத்துராரே', அதாவது பழுத்தல், வந்ததோ இல்லையோ, நான் வகுப்பில் இல்லை, சின்ன வயதில் ஊரில் நிற்கிறேன். அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, கிடங்கு வெட்டி, வாழைக்குலையை இறக்கி, மண்ணால் மூடிப் புகை ஊதிக்கொண்டிருந்தார். பழுத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்து அடிவாங்கியது தம்பி, தூண்டிவிட்டது நான். இத்தாலியனில் பழம் பழுத்தால் எஸ்ஸெரே, சரி. அப்பப்பா பழுக்க வைத்தால்? 'ஃபார் மத்துராரே' என்று ஆசிரியை பலகையில் எழுதியபோது நான் மாமரத்தடிக்குப் போய்விட்டேன். சிசிலியிலும் இப்போது மாம்பழம் விளைகிறது, பார்க்க நல்ல வடிவு. எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்ற வாய்க்கு அது காணாது. சோதனை அடுத்த மாதம்.