பதினெட்டு ஆட்டங்களும் மீதிக் குளிர்காலமும்

நோர்வேயின் ட்ரம்மன் நகரில் நான் வசிக்கும் பக்கத்தின் விளையாட்டுக்கழகமான ஸ்ட்ரோம்ஸ்கொட்செட்டின் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து, வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கும் வேலையைக் கடந்த நவம்பரில் தொடங்கினேன். ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரே கழகத்தின் பெயர். 1907 பெப்ரவரி 10 அன்று கிறிஸ்தியன் டால் என்பவர் அப்பகுதி இளைஞர்கள் சிலரைக் கூட்டி இதை நிறுவினார். நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு ஐந்து வயது நிறையவில்லை. இக்கழகத்தினர் கோடையில் உதைபந்தும் குளிர்காலத்தில் பேண்டியும் ஆடி, இரண்டிலும் தேசிய சம்பியன் பட்டம் வென்றவர்கள்.

பேண்டியை நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டம் கீறி ஆடும் பாண்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உதைபந்து மைதானம் அளவுக்கு விரிந்த பனிக்கட்டித் தளத்தில், பக்கத்துக்குப் பதினொரு பேர், வளைந்த மட்டையால் டென்னிஸ் பந்தளவான ஒரு கெட்டிப் பந்தை அடித்து ஆடுவார்கள். 45 நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகள், மூலை அடி, ஓஃப்சைட் எல்லாம் உண்டு; கோல் காப்பாளருக்கு மட்டும் மட்டை கிடையாது. உதைபந்து ஆடத் தெரிந்த ஒருவருக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பது இங்கே புதிதாகப் படிக்க வேண்டிய பாடமே அல்ல.

இது தெரிந்திருந்தும் முதல் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். உதைபந்துக்கு ஒன்றும் பேண்டிக்கு ஒன்றுமாக இரண்டு கொப்பிகள் போட்டு, பழைய பத்திரிகைகளிலிருந்து குறிப்பெடுத்தேன். தேசிய நூலகம் எண்மியமாக்கிய இதழ்களை இங்குள்ள பொது நூலகத்தில் உட்கார்ந்து தேடுவேன். பழைய அச்சில் உள்ள நோர்வேஜிய எழுத்துகளைக் கணினி பல இடங்களில் பிழையாக வாசித்திருப்பதால், கழகத்தின் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேட வேண்டியிருந்தது. ஒஸ்லோக் கழகங்களோடு ஆடிய ஆட்டங்களைத் தேடியபோது 1925க்கு முன் ஒன்றுமே அகப்படவில்லை. அந்த ஆண்டின் ஜனவரி முதல் நாள் வரை ஒஸ்லோவின் பெயர் கிறிஸ்தியானியா என்பது நினைவுக்கு வர இரண்டு மாலைகள் வீணாகிவிட்டன. அதைவிடப் பெரிய சிக்கல், ஒக்டோபரில் உதைபந்துக் கொப்பியில் மறைந்துபோன பெயர்கள் டிசம்பரில் மற்றக் கொப்பியில் எழுந்து நின்றதுதான். ஒரே ஆட்களை நான் இரண்டாக வெட்டிப் போட்டிருந்தேன்.

ஆகவே கொப்பிகளை மூடிவிட்டு, பிரிஸ்டல் அட்டையை 24 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டினேன். துண்டு ஒன்றுக்கு ஓராண்டு, மாதம் ஒன்றுக்கு 2 செ.மீ. உதைபந்து நடக்கும் மாதங்களில் கடுநீலத் தாள் ஒட்டி, பேண்டி மாதங்களை வெள்ளையாக விட்டேன். லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன்.

இந்த முறையில் முதலில் முடித்தது 1970ஆம் ஆண்டு. நான் மிகவும் விரும்பும் ஆண்டும் அதுதான். ‘காட்டுப்புறத்துப் பையன்கள்’ என்று ஊர் செல்லமாக அழைத்த அந்த அணி, 1969 கிண்ண இறுதியில் ஃபிரெட்ரிக்ஸ்டாட்டோடு 2–2 என்று சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 5–3 என்று வென்றிருந்தது. அடுத்த ஆண்டு லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே எடுத்தது. லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அதே அணியின் ஸ்டெய்னார் பெட்டர்சன்தான். முதல் பிரிவில் அப்போது பத்து அணிகள் மட்டுமே இருந்ததால், துண்டில் பதினெட்டுப் புள்ளிகளே விழுந்தன. அவற்றை வைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, துண்டின் ஏறக்குறையப் பாதி வெள்ளையாகவே கிடந்தது. அந்த வெள்ளையில்தான் அவ்வணியினர் பலர் சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பேண்டி ஆடினார்கள். இரண்டு விளையாட்டையும் ஒரே ஆள் ஆடியதற்கு ஆர்வம் மட்டும் காரணமில்லை, நாட்காட்டியும் இடம்கொடுத்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

1974ஆம் ஆண்டுத் துண்டை ஒட்டும்போது மனம் கொஞ்சம் கனத்தது. செப்டெம்பர் 17 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் இவர்களை 11–0 என்று வென்றது. லிவர்பூலின் மிகப் பெரிய வெற்றி இன்றும் அதுதான். எங்கும் அந்த எண்ணையே சொல்கிறார்கள். இரண்டு கிழமைகளின் பின் நோர்வேயில் நடந்த மறு ஆட்டத்தில் லிவர்பூலுக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்களுக்கு அந்த நியாயமாவது கிடைக்க வேண்டும்.

1941 முதல் 1944 வரையான நான்கு துண்டுகளில் தேசியக் கிண்ணம் என்று எழுத எதுவும் இல்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, நாஜிகளின் கட்டுப்பாட்டில் நடந்த போட்டிகளில் ஆட நோர்வேயின் விளையாட்டு வீரர்கள் மறுத்துவிட்டார்கள். அத்துண்டுகளைச் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறேன்.

ஜனவரியில், சிறுவயதில் இரண்டு விளையாட்டும் ஆடிய பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் சுவரைப் பார்க்க வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் பழைய பேண்டிச் சப்பாத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஐஸ் ஹொக்கிச் சப்பாத்தைவிடக் கணுக்கால் பக்கம் தாழ்ந்தும், அலகு நீண்டும் இருந்தது. நெடுந்தூரம் வேகமாகச் சறுக்குவதற்கு அந்த நீளம் வேண்டும் என்றார். கடும் குளிர் இரவுகளில் அப்பாமார் முறைவைத்துக் குழாய்நீரைச் சரளை மைதானத்தின் மேல் பாய்ச்சுவார்களாம். ஒரு படலம் உறைந்த பின்னரே அடுத்ததைப் பாய்ச்ச வேண்டும்; அவசரப்பட்டுத் தடிப்பாக ஊற்றினால் உள்ளே காற்று அகப்பட்டுப் பனிக்கட்டி பொளிந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை, வடகரையில் 1924இல் திறக்கப்பட்ட மரியன்லிஸ்ட் மைதானத்தை ஒட்டிய செயற்கைப் பனித்தளத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். இரவல் சப்பாத்தில் நிற்கவே அரை மணிநேரம் பிடித்தது. நின்ற இடத்திலிருந்து பந்தை அடிக்க முடிந்தது. சறுக்கிக்கொண்டே அடிக்க முயன்ற ஒவ்வொரு முறையும் விழுந்தேன். பனியில் பந்து ஓடும் வேகத்தை மட்டும் கண்ணால் கண்டுகொண்டேன். தொலைவில் சிறு பொட்டாகத் தெரிவது மறுகணம் காலடியில் நிற்கிறது.

இந்தக் கிழமை 2013ஐ ஒட்டி முடித்தேன். ரொன்னி டெய்லாவின் பயிற்சியில் 43 ஆண்டுகளின் பின் லீக்கை மறுபடி வென்ற ஆண்டு அது. இன்று இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தின் அணித்தலைவராக இருக்கும் மார்ட்டின் ஓடெகார்ட் அடுத்த ஆண்டு, பதினைந்து வயதில், இதே அணியில்தான் முதல் லீக் ஆட்டம் ஆடினார். இப்போது அணிகள் பதினாறு, புள்ளிகள் முப்பது. மார்ச் நடுவில் தொடங்கி நவம்பர் 10 வரை ஓடிய நீலத் தாளை அடிமட்டம் வைத்து அளந்தேன், 16 செ.மீ. மீதி 8 செ.மீ.க்குள் ஓய்வும் முன்பயிற்சியும் அடங்க வேண்டும். அந்த வெள்ளையில் ஓர் உதைபந்து வீரரின் பெயரைக்கூட என்னால் எழுத முடியவில்லை.

1970க்கும் 2013க்கும் இடையில் எந்த ஆண்டில் கடைசியாக ஒரே பெயர் நீலத்திலும் வெள்ளையிலும் விழுகிறது என்பதை இனித் தேட வேண்டும். எண்பதுகளின் பத்திரிகைகளிலிருந்து தொடங்கப்போகிறேன். அதற்கு முன் கடுநீலத் தாள் இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.