கோட்டை மாதிரி ஒரு வாசல்: இரண்டாவது கோடையின் முடிவில்

போன வாரம் கடைசிக் கல்லும் ஏறிவிட்டது. கோட்டை என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு முன்வாசலுக்கு வெளியே எட்டடிக்கு ஆறடியில் ஒரு கல் முகப்பு, அவ்வளவுதான். ஆனால் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம். உச்சியில் படிப்படியாக ஏறி இறங்கும் முக்கோணச் சுவர். பக்கவாட்டில் துப்பாக்கி நீட்டுகிற மாதிரி ஒரு சின்னத் துளை. துளை என் கணவரின் ஆசை. இப்போதைக்கு அது வழியாக வருவது குளிர்காற்று மட்டும்தான். ஒரு பழைய சாக்கை வைத்து அடைத்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, அல்னஸ் பக்கத்தில். கணவர் மன்றோ வம்சம். சென்னைக்காரர்களுக்கு மன்றோ என்றதும் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ ஞாபகம் வருவார். இங்கே எங்கள் தலைக்கு மேல் இருப்பது வேறொரு மன்றோவின் வேலை. ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வரிசையாகக் கல் வளைவுகள் நிற்கும். 1781ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்றோ, அந்த ஊர்க் கோட்டை வாசலின் சாயலில் 1782ல் கட்ட ஆரம்பித்தது.

நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினத்தில். கல்யாணமான புதிதில் மாமனார் என்னை அந்தக் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், “இதோ, உன் ஊர் வாசல்” என்று காட்டினார். நாகையில் அப்படி ஒரு வாசலை நான் பார்த்ததே இல்லை. என் ஊரைப் பிடித்ததற்கான ஞாபகச் சின்னம், அதுவும் என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது. முதல் வருடம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவர்கள் பிடித்தால் நானும் ஒன்று கட்டுகிறேன் என்று தோன்றியது. இந்த முகப்பு ஆரம்பித்த கதை இதுதான்.

கல்லுக்குக் காசு கொடுக்கவில்லை. மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி நிலத்தில் இடிந்து கிடந்த மாட்டுக் கொட்டகையிலிருந்து பதினைந்து டன் வரை வந்தது. இந்தப் பக்கத்துச் செம்மணற்கல். நனைந்தால் பீட்ரூட் நிறம், காய்ந்தால் மங்கிய ரோஜா. கற்றுக்கொடுக்க ஒரு வயதான கொத்தனார் வந்தார். அவர் போட்ட முதல் விதி, கையில் எடுத்த கல்லைத் திரும்பக் கீழே வைக்கக் கூடாது, அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது. எனக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் போராட்டம். குவியலைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பேன். ஒன்றை எடுப்பேன், சேராது, திருப்பிப் போடுவேன். அவர் ஒன்றும் பேசாமல் டீ குடிப்பார். மூன்றாவது வாரத்தில் கண் பழகிவிட்டது. சுவரில் இருக்கிற பள்ளத்தை முதலில் பார், கல்லை அப்புறம் பார் என்பதுதான் சூட்சுமம். பெரிய கற்களுக்கு நடுவே விழும் சந்துகளில் சின்னச் சில்லுகளைத் தட்டி இறுக்க வேண்டும். இரண்டு கல் சேரும் இணைப்புக்கு மேல் இணைப்பு வரவே கூடாது.

கலவை சுண்ணாம்புதான், சிமெண்ட் இல்லை. மணற்கல் ஈரம் குடிக்கும், அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கரகரப்பான மணல். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“கடுக்காய்த் தண்ணி விட்டியா?”

“இல்லப்பா.”

“வெல்லம்?”

“அதுவும் இல்லை.”

“அப்ப அது என்ன சுண்ணாம்பு!” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

முதல் கோடையின் தப்பு இது. அக்டோபரில் வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, கொத்தனார் வேண்டாம் என்று சொல்லியும், இன்னும் மூன்று வரிசை ஏற்றினோம். ஐந்து டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் ஈரச் சாக்கு போர்த்தி, பல நாள் உறைபனி படாமல் காக்க வேண்டும். நாங்கள் போர்த்தியது ஒற்றைச் சாக்கு. செவ்வாய் இரவு பனி இறங்கியது. கலவைக்குள் இருந்த தண்ணீர் உறைந்து உப்பி, காலையில் விரலால் சுரண்டினால் ரவை மாதிரி கொட்டியது. வசந்தத்தில் மூன்று வரிசையையும் கழற்றி, ஒவ்வொரு கல்லையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி கட்டினோம். ஃபைரிஷ் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. ஜனங்களுக்குக் கூலி நாள் கூடட்டும் என்று ஹெக்டர் மன்றோ கற்களை உச்சியிலிருந்து கீழே உருட்டிவிட்டு, திரும்ப ஏற்றச் சொல்வாராம். எங்களுக்குக் கூலியும் இல்லை.

கழுகு விஷயத்தையும் எழுத வேண்டும். மன்றோக்களின் சின்னம் கழுகு. அதை வாசலுக்கு மேல் செதுக்க வேண்டும் என்பது கணவரின் சின்ன வயசுக் கனவு. கொத்தனார்தான் நிறுத்தினார். கிளானுக்கு, அதாவது வம்சத்துக்கு, பொதுவாக ஒரு சின்னம் என்பதே கிடையாதாம், அது தலைவர் ஒருவருக்கு மட்டும் சொந்தம். மற்றவர்கள் பெல்ட்டும் கொக்கியும் சுற்றிய வடிவில் தொப்பியில் குத்திக்கொள்ளலாம். தன்னுடையது மாதிரி கல்லில் பொறித்தால் இங்கே குலச்சின்னங்களைக் கவனிக்கிற அதிகாரியான லார்ட் லயன் என்பவரின் நீதிமன்றம் கேள்வி கேட்கும். 1672ல் போட்ட சட்டம் இன்றைக்கும் செல்லும். கிளான் என்ற சொல்லுக்கு கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். பிள்ளைகள் என்றால் அப்பாவின் மோதிரத்தைப் போட்டுக்கொள்ள முடியாது போலிருக்கிறது. கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் சமாதானமாக, போர்முழக்கத்தைப் பொறிக்கலாமே என்றார். ஃபௌலிஸ் என்பது மன்றோ தலைவரின் கோட்டை. அந்த முழக்கம், “ஃபௌலிஸ் கோட்டை தீப்பற்றி எரிகிறது!” புது வீட்டு வாசலில் எழுதுகிற வாசகமா அது?

கடைசியில் பழைய ஸ்காட்லாந்து வழக்கப்படி கல்யாண லிண்டல் வைத்தோம். வாசலுக்கு மேல் கிடக்கும் கல்லில் புருஷன் பெண்டாட்டி இருவரின் முதலெழுத்துகளும் வருடமும் பொறிப்பார்கள். அந்தக் காலத்தில் இங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்ததால், கல்லிலும் அவளுடைய குடும்பப் பெயரின் எழுத்துதான் வரும். “உன் குடும்பப் பெயர் என்ன?” என்றார் கொத்தனார். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் இனிஷியல்தான். க.ப. என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். “உன் எழுத்தை நீயே வெட்டு” என்று உளியைக் கையில் கொடுத்துவிட்டார்.

‘ப’ மூன்றே கோடு, அரை மணி நேரத்தில் முடிந்தது. ‘க’ ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. மணற்கல்லில் நேர்கோட்டை விரட்டலாம், வளைவில் உளியைச் சாய்த்துச் சாய்த்துத் தட்ட வேண்டும். இடது சுழியை முடிக்கிற நேரத்தில் ஒரு தட்டு பலமாக விழுந்து, பட்டாணி அளவுக்குச் சில்லு தெறித்துவிட்டது. ஒட்ட வழியில்லை, வேறு கல்லும் இல்லை.

உச்சிப் படிச் சுவருக்கு இங்கே காக்காய்ப் படி என்றே பெயர். கட்டி முடித்த மறுநாளே அண்டங்காக்கையின் சின்னத் தம்பி மாதிரி ஒரு ஜாக்டா ஜோடி வந்து உட்கார்ந்தது. அமாவாசைச் சோற்றை இனி அங்கே வைத்துவிடலாம், ஏணிதான் வேண்டும்.

பாக்கி வேலை ஒன்று இருக்கிறது. கரடுமுரடாகக் கட்டிய கோட்டைச் சுவர்களை அந்தக் காலத்தில் வெறுமனே விட்டதில்லை. சுண்ணாம்பும் பொடிக்கல்லும் கலந்து கரண்டியால் வீசி அடித்து மூடிவிடுவார்கள். கிரெய்கீவர் கோட்டை இளஞ்சிவப்பாக நிற்பது அப்படித்தான். அதுதான் முறை என்கிறார் கொத்தனார். பதினைந்து டன் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கியவளுக்கு அதை மூட மனசு வரவில்லை. அடுத்த மே வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது.

நேற்று வீடியோ காலில் அப்பாவுக்கு லிண்டலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“என் எழுத்துல என்னம்மா ஓட்டை?”